ஏற்றத்தில் ஏன் கொதிக்கிறது?

பேரணாம்பட்டிலிருந்து பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி, வி.கோட்டா வழியாகப் பேத்தமங்களாவுக்கு ஏப்ரல் மதியத்தில் கார் ஓட்டி வந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. கொண்டை ஊசி வளைவு தாண்டிய அகலமான இடத்தில் இரண்டு மூன்று வண்டிகள் பானெட்டைத் திறந்தபடி நிற்கும். யாராவது ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் ஆறக் காத்திருப்பார். அதே வண்டி காலையில் பெங்களூர் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தபோது டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டை விட்டு அசைந்திருக்காது. வேகமாக ஓடும்போது சூடாகாத எஞ்சின், ஊர்ந்து போகும்போது ஏன் கொதிக்கிறது?

"ஏற்றத்தில் எஞ்சின் அதிகமாக உழைக்கிறது, அதனால்தான்" என்பது வழக்கமான பதில். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது. அது ஏன் நிற்காது என்று புரிந்துவிட்டால், ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் குளிர்விப்பை வீட்டு வாசலிலேயே எப்படி மேம்படுத்துவது என்பதும், எதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பதும் தானாகவே தெரிந்துவிடும்.

ஒரு சிறிய கார், ஒரு பெரிய கணக்கு

எடுத்துக்காட்டுக்கு நம் நாட்டிலேயே பிறந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1990-களின் இறுதியில் கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம். இருவர் அமரும் திறந்த கார். ஃபைபர் உடல், ரெனோவின் 1,149 சிசி எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் இது பெரிய எஞ்சின் இல்லை. ஆனால் வண்டி எடை குறைவு என்பதால் வைத்திருப்பவர்கள் இன்னும் ஆசையாகப் பராமரிக்கிறார்கள். பழைய வண்டி என்பதால் சூட்டுப் பிரச்சினையும் கூடவே வரும்.

ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மலைப்பாதையில் 400 மீட்டர் உயரத்தை 10 நிமிடத்தில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 6.5 கிலோவாட் வேண்டும். டயரின் உராய்வையும் மற்ற இழப்புகளையும் சேர்த்தால் 8 கிலோவாட். இனி நெடுஞ்சாலையைப் பார்ப்போம். சமதரையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றைப் பிளந்துகொண்டு போக, இதே வண்டிக்கு ஏறக்குறைய 11 கிலோவாட் தேவை.

ஆக, மலையேற்றத்தைவிட நெடுஞ்சாலையில்தான் எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது!

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால்பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சேர்கிறது. மீதியில் ஒரு பகுதி சைலென்சர் வழியே போய்விடும். மற்றொரு பகுதி எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்கும். சக்கரத்துக்குப் போகும் அளவும் தண்ணீரில் இறங்கும் அளவும் ஏறக்குறைய சமம் என்பது தோராயமான விதி. மலையேற்றத்தில் கியர் குறைவு, எஞ்சின் சுற்று அதிகம், உராய்வுச் சூடும் சேரும். அதனால் நம் காரில் தண்ணீருக்கு 10 கிலோவாட் வெப்பம் வருகிறது என்று கொள்ளலாம். வீட்டில் பாத்ரூமில் மாட்டும் கெய்சர் ஐந்தை ஒரே நேரத்தில் போட்ட அளவு இது. வெப்பம் எவ்வளவு வருகிறது என்பது பிரச்சினை இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அது வெளியேறும் வழியில்தான் எங்கோ சிக்கல்.

வெப்பம் நடக்கும் பாதை

எரியும் பெட்ரோலின் சூடு முதலில் சிலிண்டர் சுவரில் ஏறுகிறது. சுவரிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து ரேடியேட்டர் குழாய்க்கு, குழாயிலிருந்து அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து காற்றுக்கு என்று கைமாறிப் போகிறது. இதை வெப்பப் பாதை என்போம். இந்தப் பாதையில் ஒரு இடம் குறுகலாக இருந்தால், மற்ற இடங்கள் எத்தனை அகலமாக இருந்தும் பயனில்லை. அந்தக் குறுகலான இடத்துக்கு இந்த அத்தியாயத்தில் 'இடுக்கு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். குளிர்விப்பை மேம்படுத்துவது என்றால் இடுக்கைத் தேடிக் கண்டுபிடித்து அகலப்படுத்துவது.

தண்ணீர்ப் பக்கம் இடுக்கு இருக்கிறதா? ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். வினாடிக்கு ஒரு லிட்டர் ஓடி, 10 டிகிரி சூடு ஏறினால் 42 கிலோவாட்டைத் தூக்கிப் போய்விடும். நமக்கு வேண்டியது 10 தான். பம்ப் ஒழுங்காக ஓடுகிற வரை, குழாய் அடைக்காத வரை, தண்ணீர் தாராளமாகவே சமாளிக்கிறது.

காற்றின் கதை வேறு. ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஒரு ஜூல் போதும். அதாவது தண்ணீர் சுமக்கும் சூட்டில் நாலாயிரத்தில் ஒரு பங்கைத்தான் அதே அளவு காற்று சுமக்கிறது. போதாக்குறைக்குப் பேத்தமங்களா, கோலார் தங்கவயல் பக்கமெல்லாம் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கும் மேட்டு நிலம். சென்னையைவிட இங்கே காற்று எட்டு, ஒன்பது சதவீதம் மெல்லியது. அந்த அளவுக்கு அது சுமக்கும் சூடும் குறைவு.

ஆகவே காற்றைக் கணக்கிடுவோம். வெளியே 40 டிகிரி. ரேடியேட்டருக்குள் புகுந்த காற்று 70 டிகிரியில் வெளியே வருகிறது என்றால், 10 கிலோவாட்டை எடுத்துப் போக வினாடிக்கு 320 லிட்டர் காற்று தகடுகளுக்கு ஊடே போயாக வேண்டும். இரண்டடி அகலம், ஒரு அடிக்குச் சற்று மேல் உயரம் உள்ள ரேடியேட்டரில் இது வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னால் வருகிற காற்று முழுவதும் ரேடியேட்டருக்குள் நுழைவதில்லை. நெருக்கமான தகடுகளுக்குள் திணறிப் போவதைவிடப் பக்கத்து இடைவெளியில் நழுவிப் போவது காற்றுக்கு எளிது. வண்டி வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே கிடைக்கும் என்று வைத்தால், நெடுஞ்சாலையில் வினாடிக்கு ஐந்தரை மீட்டர் கிடைக்கிறது. தேவையைப்போல் மூன்று மடங்குக்கும் கூடுதல். மலையேற்றத்தில் கிடைப்பது 1.7 மீட்டர், விளிம்பில் நிற்கிறது. கொண்டை ஊசியில் வேகம் 15-க்கு இறங்கினால் 0.8. அங்கேதான் முள் ஏறத் தொடங்குகிறது.

இடுக்கு அகப்பட்டுவிட்டது. அது ரேடியேட்டரின் அளவில் இல்லை. அதற்குள் போகிற காற்றில் இருக்கிறது.

இடைவெளி இல்லாவிட்டால் ஓட்டமும் இல்லை

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூடான பொருளுக்கும் அதைச் சுற்றிய காற்றுக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசம் உண்டோ, அந்த அளவுக்குத்தான் வெப்பம் ஓடும். இதை வெப்ப இடைவெளி எனலாம். ரேடியேட்டர் 95 டிகிரி, காற்று 40 டிகிரி என்றால் இடைவெளி 55.

ஏசி போட்டால் என்ன ஆகிறது? ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் மாட்டப்பட்டிருக்கும். அது 5 கிலோவாட் சூட்டை அதே காற்றில் கொட்டினால், வினாடிக்கு 320 லிட்டர் காற்று ரேடியேட்டரைத் தொடும் முன்பே 15 டிகிரி ஏறிவிடும். இடைவெளி 55-லிருந்து 40 ஆகிவிடும். கால்பங்குக்கும் மேல் குளிர்விப்பு போயிற்று. ஏற்றத்தில் ஏசியை அணைக்கச் சொல்லும் பெரியவர்களின் அறிவுரைக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இடைவெளி பற்றிய மிகப் பெரிய பாடம் பேத்தமங்களாவுக்குப் பக்கத்திலேயே, தரைக்கு அடியில் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்தது பேத்தமங்களாவின் பாலாற்று ஏரிதான். அந்தத் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். மேலிருந்து காற்றை அனுப்பினால் போதாதா என்று தோன்றும். ஆனால் கீழே இறங்க இறங்கக் காற்று தன் மேலுள்ள காற்றின் எடையால் அழுத்தப்படுகிறது. அழுத்தம் கூடினால் சூடும் கூடும். வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறும். மேலே 30 டிகிரியில் புறப்பட்டது, பாறையைத் தொடாமலேயே அடியில் 60-ஐ நெருங்கிவிடும். மனித உடலின் வெப்பம் 37. இடைவெளி தலைகீழாகிவிட்டது. காற்று உடலைக் குளிர்விக்காமல் சூடேற்றுகிறது. எத்தனை பெரிய விசிறி வைத்தாலும் இதை மாற்ற முடியாது. அதனால்தான் தங்கவயலில் காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பும் ஆலைகள் வேண்டியிருந்தன. 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரை தலைமுறை தலைமுறையாக அந்தச் சூட்டில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்த குடும்பங்கள். இயற்பியல் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வருகிற விஷயத்தைத் தினமும் எட்டு மணி நேரம் உடம்பில் தாங்கியவர்கள் அவர்கள்.

காருக்கு அந்த நெருக்கடி இல்லை. தண்ணீர் 95 டிகிரியில் இருப்பதால் கோடையிலும் 50 டிகிரிக்கு மேல் இடைவெளி மிஞ்சுகிறது. அதை வீணாக்காமல் இருந்தால் போதும்.

முதலில் தண்ணீரைச் சுத்தம் செய்யுங்கள்

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து, கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய்களின் வாயில் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ பொருக்கு படிந்திருந்தால், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பழகிய வண்டி என்று அர்த்தம். கோலார் மாவட்டத்தில் போர் ஆயிரம் அடிக்கும் கீழே போகிறது. அங்கிருந்து வரும் தண்ணீரில் ஃபுளோரைடு மட்டுமல்ல, கரைந்த சுண்ணாம்பும் ஏராளம். அது சூடானால் சுண்ணாம்பு பிரிந்து சுவரில் ஒட்டும். அலுமினியம் கடத்துகிற வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இந்தப் பொருக்கு கடத்தாது. ஒரு மில்லிமீட்டர் பொருக்கு, பத்து சென்டிமீட்டர் தடிமனான அலுமினியச் சுவரைவிட மோசமான தடுப்பு.

பழைய தண்ணீரை வடித்து, கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் ஃபிளஷ் திரவத்தை டப்பாவில் சொன்னபடி ஊற்றி ஓட்டி, தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவுங்கள். பிறகு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். கலவையில் ஒரு நுணுக்கம். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால், தண்ணீர் உறையாமல் காக்கப் பனிநாடுகளில் பாதிக்குப் பாதி சேர்க்கப்படுகிறது. நம் பக்கம் மார்கழியிலும் தண்ணீர் உறைவதில்லை. பாதிக்குப் பாதி கலந்தால் சூடு சுமக்கும் திறன் பதினைந்து சதவீதம் அளவுக்குக் குறையும். துருவையும் பொருக்கையும் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது என்பதால் வெறும் தண்ணீரும் ஆகாது. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் நமக்குச் சரியாக வரும். அதற்குக் கீழே போகாதீர்கள்.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டவே கூடாது. அது இனிக்கும் விஷம். நாயோ கன்றுக்குட்டியோ நக்கினால் சிறுநீரகம் செத்துப்போகும். கேனில் பிடித்து மூடி, கழிவு எண்ணெய் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

நூறு ரூபாய் சாமான் செய்கிற வேலை

மேட்டு நிலத்தில் காற்றழுத்தம் குறைவு. பேத்தமங்களாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் ஓடுவதே 90-க்கு மேல் என்பதால் இது மிகக் குறுகிய விளிம்பு. அதை விரிவாக்குவது ரேடியேட்டர் மூடி. அதன் உள்ளே ஒரு ஸ்பிரிங் உண்டு. 0.9 பார் என்று மூடியில் பொறித்திருந்தால், வெளிக்காற்றைவிட அந்த அளவு அழுத்தம் கூடும் வரை அது திறக்காது. அந்த அழுத்தத்தில் இங்கேயே தண்ணீர் 117 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வாஷர் வெடித்தாலோ இந்த இருபது டிகிரியும் போய்விடும். கார் கொதிக்கிறது என்று வருகிற வண்டிகளில் முதலில் மாற்ற வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. கம்பெனி சொன்ன அளவையே வாங்குங்கள். கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய ஹோஸும் ஹீட்டர் குழாயும் வெடிக்கும்.

சூடான வண்டியில் இந்த மூடியைத் திறக்கவே கூடாது. காரணத்தை எண்களில் பாருங்கள். உள்ளே 110 டிகிரியில் 5 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே கொதிநிலை 97-க்கு விழுகிறது. மிஞ்சிய 13 டிகிரிச் சூடு அந்த நொடியே தண்ணீரில் ஒரு பகுதியை ஆவியாக்கும். ஆவியாவது 120 கிராம்தான். ஆனால் அது 200 லிட்டருக்கு மேல் விரியும். ஒரு டிரம் நிறைய நீராவி, கொதிக்கும் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு முகத்துக்கு நேரே வரும். அரைமணி நேரம் ஆறவிட்டு, ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்து, அது தொளதொளவென்று ஆன பிறகே மூடியைத் தொடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள்

வண்டி சூடாகிறது என்றால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடு என்பார்கள். எஞ்சின் 80-க்கு மேல் சூடானதும் உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து, ரேடியேட்டருக்கு வழி திறக்கும் சின்ன வால்வு அது. கழற்றச் சொல்பவர்களுக்கு எதிராக இன்னொரு தரப்பு, "கழற்றினால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், ரேடியேட்டரில் சூட்டை விட நேரம் கிடைக்காது" என்று சொல்லும். கழற்றக் கூடாது என்பது சரி, காரணம் தவறு. வேகமாக ஓடும் தண்ணீர் ஒவ்வொரு சுற்றிலும் குறைவாக விட்டாலும், அதிகச் சுற்று வருகிறது. மொத்தத்தில் வேகம் கூடினால் குளிர்விப்பு சற்றுக் கூடவே செய்யும்.

உண்மையான கெடுதல் வேறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே ரேடியேட்டரைச் சுற்றிப்போகும் குறுக்குவழி மூடிக்கொள்ளும். வால்வு இல்லையென்றால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப்பார்க்காமலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். காலையில் எஞ்சின் சூடாக நேரம் பிடிக்கும், பெட்ரோல் வீணாகும், ஆயிலில் ஈரம் சேரும். பழையதைச் சோதிக்க வேண்டுமா? பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதன்மேல் பொறித்த டிகிரியில் திறக்கத் தொடங்கினால் நல்லது. திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

காற்றுக்கு வழி கட்டுங்கள்

இனி உண்மையான இடுக்கு. பானெட்டைத் திறந்து ஃபேனைப் பாருங்கள். பழைய வண்டிகளில் ஃபேன், கம்பியில் மாட்டி ரேடியேட்டருக்குப் பின்னால் வெறுமனே நிற்கும். பன்னிரண்டு அங்குல ஃபேன் என்றால் அது இழுப்பது தன் வட்டத்துக்கு நேரே உள்ள தகடுகளின் காற்றை மட்டும். நம் ரேடியேட்டரின் பரப்பில் அது மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு, வண்டி நின்றால் சும்மா கிடக்கிறது.

இதற்கு மருந்து ஷ்ரவுட் எனப்படும் காற்றுக்கூடு. ரேடியேட்டரின் பின்பக்கம் முழுவதையும் மூடி, நடுவில் ஃபேனுக்கு மட்டும் வட்டமாகத் திறந்த ஒரு பெட்டி. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் எந்த டிங்கரும் அலுமினியத் தகட்டில் செய்து கொடுப்பார். அட்டையில் அளவு வெட்டிப் போகவேண்டும், அவ்வளவே. தகடு ரேடியேட்டரிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் ஓரத்துத் தகடுகளின் காற்று ஃபேனுக்கு வந்து சேராது. ஃபேன் இறக்கை வட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அளவுக்கு மேல் விலகக் கூடாது.

அடுத்து முன்பக்கம். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், பக்கவாட்டில், கீழே, மேலே கைவிட்டுப் பாருங்கள். கை நுழைகிற இடமெல்லாம் காற்று நழுவுகிற இடம். கதவு ஓரத்துக்கு ஒட்டும் ரப்பர் ஃபோமை வாங்கி அத்தனையையும் அடையுங்கள். செலவு சில நூறு ரூபாய். வண்டி ஓடும்போது தகடுகளுக்குள் புகும் காற்று இதனால் கூடும். அதைவிட முக்கியம், ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்றே சுற்றி முன்னால் வந்து மறுபடி உள்ளே நுழைவது நின்றுவிடும். வண்டி நிற்கும்போது முள் ஏறுவதற்கு இந்தத் திரும்பி வரும் சூட்டுக்காற்று ஒரு பெரிய காரணம்.

ஃபேனுக்குப் போகும் ஒயரையும் பாருங்கள். பழைய ஸ்விட்ச் வழியாக மெல்லிய ஒயரில் வந்தால் மோட்டாருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறையும், சுற்றும் குறையும். பேட்டரியிலிருந்து நேரே தடிமனான ஒயர், ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே. பாதி நாள் வேலைதான்.

எப்போது பெரிய ரேடியேட்டர்?

இத்தனையும் செய்த பிறகு, காற்றை வெளியேற்றி நிரப்புங்கள். வண்டியின் மூக்கைச் சற்றுத் தூக்கி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்துவைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்துகொண்டே ஊற்றினால் குமிழிகள் வெளியேறும். உள்ளே மாட்டிய காற்றுக் குமிழி சிலிண்டர் தலையில் உட்கார்ந்தால் அந்த இடத்தில் தண்ணீரே படாது.

பிறகு மலைப்பாதை ஏறுங்கள். மதியத்தில், ஏசி போட்டு. கொண்டை ஊசியில் முள் ஏறி, வளைவு தாண்டியதும் இறங்கினால் வேலை முடிந்தது. ரேடியேட்டரை மாற்றும் தேவை இல்லை. நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் முழு வேகத்தில் போகும்போதும் முள் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் ரேடியேட்டர் போதவில்லை என்று அர்த்தம். எஞ்சினின் திறனைக் கூட்டியவர்களுக்கு, டர்போ மாட்டியவர்களுக்கு இது நேரும். 60 குதிரைத்திறனும் முழுதாகச் செலவானால் தண்ணீருக்கு 45 கிலோவாட் வரும். அதற்குமேல் திறன் கூட்டினால் அதே விகிதத்தில் சூடும் கூடும்.

அப்போது வாங்குவதை அகலமாக வாங்குங்கள், தடிமனாக வாங்காதீர்கள். முதல் வரிசைக் குழாயைத் தாண்டிய காற்று ஏற்கெனவே சூடாகிவிடுகிறது. இரண்டாவது வரிசைக்கு வெப்ப இடைவெளி குறைவு, மூன்றாவதற்கு இன்னும் குறைவு. தடிமன் கூடக் கூடக் காற்று நுழைவதும் கடினமாகும். கிரில்லின் முழு அகலத்துக்கும் வருகிற இரட்டை வரிசை அலுமினிய ரேடியேட்டர், பாதி அகலத்தில் நான்கு வரிசை போட்டதைவிட மலைப்பாதையில் நன்றாக உழைக்கும். அளவெடுக்கும்போது பழைய ஷ்ரவுட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். புதிய அகலத்துக்கு அதையும் மறுபடி வெட்டித்தான் ஆகவேண்டும்.